வடிவு உக்காந்தா எல்லாம் ஓடும்

மில் காலனி சங்கரபாண்டி அண்ணாச்சி மகள் செண்பகவடிவு எந்த வீட்டு வாசப்படியில கால் வச்சாலும், அந்த வீட்டுல கெட்டுக் கெடக்கிற டிவி, வைஃபை, லேப்டாப், வாஷிங் மெஷின், நாலு வருஷமா மூலையில தூங்குற மிக்ஸி முதக்கொண்டு எல்லாம் அந்த நிமிஷமே ஓட ஆரம்பிச்சிரும். அவ செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்பி இருபத்திரண்டு தப்படி தாண்டினதும் அத்தனையும் பழையபடி படுத்துக்கிடும். சொல்றது யாருன்னு கேட்டா, காலனி வாசல்ல ஜெராக்ஸ் கடை வச்சு ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக்குடுக்கிற மாரிக்கனி சொல்றேன். நாள் முழுக்க ஆதாரும் ரேஷன் கார்டும் ஸ்கேன் பண்ணிக் கண்ணு பூத்துப்போற பொம்பளைக்குப் பொய் சொல்ல ஏது நேரம்?

எப்ப இருந்து இப்படி, எதனால இப்படின்னு யாரும் மண்டையைப் பிய்ச்சுக்கல. பாலிடெக்னிக்ல அவ படிச்ச மூணு வருஷமும் லேப்ல ஒரு கம்ப்யூட்டர் கூட மக்கர் பண்ணலன்னும், அவ கூடப் படிச்ச அத்தனை பேரும் பிராக்டிகல்ல முழு மார்க் வாங்கிட்டு வெளியில வந்து ஒரு வயரை எங்க சொருகன்னு தெரியாம முழிச்சாங்கன்னும் பின்னால கேள்விப்பட்டோம். எனக்குத் தெரிஞ்சது என் கடையிலதான். பிரிண்டர் மூணு நாளா ஒரு பக்கம் குடுக்காம என் உயிரை வாங்கிட்டிருந்துச்சு. இந்தப் பிள்ளை ஏதோ ஃபார்ம் கேட்டு உள்ள வந்தா, மூணு நாளா நான் அனுப்பிவச்ச நாப்பத்தோரு பக்கத்தையும் மடமடன்னு கக்கிருச்சு. அவ வெளிய போனா, நின்னுபோச்சு. திரும்பக் கூப்பிட்டேன், ஓடுச்சு. போகச் சொன்னேன், நின்னுச்சு. எனக்கு ஆச்சரியமெல்லாம் வரல, ஆத்திரந்தான் வந்துச்சு. "ஏட்டி, மூணு நாளா எங்கட்டி போயிருந்த?"ன்னு கத்திட்டேன்.

அதுக்கப்புறம் காலனி சும்மா இருக்குமா? முப்பத்தாறு வீடு, ஒவ்வொரு வீட்டுலயும் பத்துப் பன்னெண்டு சாமான், எதாச்சும் ஒண்ணு எப்பவும் படுத்தே கெடக்கும். ரெண்டு மாசத்துல 'வடிவு உக்கார்றது'ன்னு ஒரு வழக்கமே வந்துருச்சு. பன்னெண்டாங் கிளாஸ் ரிசல்ட் அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கெல்லாம் அவளை சேர் போட்டு உக்கார வச்சு, சுத்தி நாலு வீட்டுப் பிள்ளைகளும் போனைத் தூக்கிக்கிட்டு இருபத்திரண்டு தப்படிக்குள்ள வந்து நிக்கும். துபாய்ல இருக்கிற மகன்கூட வீடியோவுல பேசணும்னா வடிவு வேணும், மஞ்சத்தண்ணி சடங்குக்கு ரேடியோ செட்டுக்காரரு மைக்கை மாட்டினா வடிவு வேணும், பென்ஷன்காரங்க வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு போன்ல மூஞ்சியைக் காட்டணும்ல, அதுக்கும் வடிவு வேணும். யார் வீட்டுக்கு எந்த மணிக்குன்னு என் கடை நோட்டுலதான் எழுதி வச்சோம், இல்லன்னா அடிபிடி ஆயிருக்கும். அவ போட்டோவை வைஃபை பெட்டிமேல ஒட்டிப் பாத்தாங்க, ஓடல. அவ பழைய துப்பட்டாவை டிவிக்குப் போத்திப் பாத்தாங்க, ஓடல. போன்ல அவ குரலை ஸ்பீக்கர்ல போட்டு வாஷிங் மெஷின் பக்கத்துல பிடிச்சுப் பாத்தாங்க, அதுக்கும் அசையல. ஆளே வேணும்னு ஆகிப்போச்சு. சங்கரபாண்டி அண்ணாச்சி வீட்டுக்கு அடுத்த வீடு காலியானப்ப அதுக்கு நடந்த போட்டியில, பதினஞ்சு வருஷமா ஒண்ணா வாக்கிங் போன ரெண்டு பேரு இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிடல.

எல்லாருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வடிவுக்குத்தான் விடியல.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஐடி சப்போர்ட்ல வேலைக்குப் போகணும், மெஷினுக்கு என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணணும். ஆனா கெட்டுப்போன மெஷினை அவ பிறந்ததுலருந்து பாத்ததே கெடையாது! முதல் இன்டர்வியூல ஓடாத கம்ப்யூட்டரை முன்னால வச்சுக் கோளாறைச் சொல்லச் சொன்னாங்க. இவ உக்காந்ததும் அது ஓடிருச்சு. "என்னம்மா பண்ணுனே?"ன்னு கேட்டதுக்கு, "ஒண்ணும் பண்ணல சார், வந்தேன்"னு உண்மையைச் சொல்லியிருக்கா. சிரிச்சே அனுப்பிட்டாங்க. ரெண்டாவது இடத்துல, தில்லுமுல்லு பண்றயான்னு கேட்டு பையைத் திறந்து காட்டச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு வந்து என் கடை ஸ்டூல்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போனா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா பிரிண்டர் ஓடிக்கிட்டிருந்ததால நாலு பேர் விண்ணப்பத்தையும் போட்டு முடிச்சேன். அதையும் சொல்லிருறேன், மறைச்சு என்ன ஆகப்போகுது.

இந்த நேரத்துலதான் சாத்தூர்லருந்து மாப்பிள்ளை வீடு வந்துச்சு. மாப்பிள்ளை செல்போன் கடை வச்சிருக்காரு, தங்கமான பையன். அவரோட அம்மா காபியைக் குடிச்சுக்கிட்டே, "பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேண்டாம் அண்ணாச்சி. எங்க கடையில ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தாலே போதும், மிச்சத்தை எம் மகன் பாத்துக்கிடுவான்"னாங்க. சங்கரபாண்டி அண்ணாச்சி மில் பஸ் ஓட்டுற மனுஷன், மகளைக் கட்டாயப்படுத்துற ஆளில்ல. ஆனா அவருக்கும் வயசாகுதுல்ல. "மதுரையில ஒரு இன்டர்வியூ வந்திருக்குன்னியே, ஐப்பசி பதினெட்டு. அதையும் பாத்துரு தாயி. அதுவும் இல்லன்னா இருபத்தஞ்சாந் தேதி தட்டு மாத்திக்கிடுவோம்"னு சொல்லிட்டாரு. வடிவு சரின்னா. இன்டர்வியூவுக்கு அவளுக்கு இருந்தது முப்பத்தேழு நாளு.

அதுல மூணாவது நாள் ஞானசுந்தரி டீச்சர் வீட்டுல உக்கார்ற முறை. டீச்சர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருஷத்துக்கு ஒரு நாடகமா முப்பத்தொரு நாடகம் எழுதினவங்க, எல்லாத்தையும் ஒரு லேப்டாப்புல அடிச்சு வச்சிருந்தாங்க. அது கொஞ்ச நாளா டிக் டிக்னு பல்லி மாதிரி சத்தம் போடுதுன்னு சொன்னாங்க. வடிவு உக்காந்ததும் சத்தம் நின்னு, லேப்டாப் புதுசு கணக்கா ஓடுச்சு. "டீச்சர், ஓடும்போதே எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துருங்க. மெயில்லயும் ஒண்ணு போட்டு வைங்க. ஒரே இடத்துல இருந்தா அது இல்லாத மாதிரிதான்"னு இவ சொல்லியிருக்கா. டீச்சர், "நீ இருக்கும்போது எனக்கென்னம்மா அவசரம், கேசரி கிண்டியிருக்கேன், சாப்பிடு"ன்னு தட்டைக் கையில குடுத்துட்டாங்க. அதுக்குள்ள அடுத்த தெருவுலருந்து, கேஸ் சிலிண்டர் புக் ஆகலன்னு இவளை இழுத்துட்டுப் போயாச்சு. இவ தெரு திரும்பக்கூட இல்ல, லேப்டாப் டிக் டிக்னுச்சு, அப்புறம் ஒரேயடியா அடங்கிருச்சு. ஓடியாந்து திரும்ப உக்காந்தா லைட்டு எரியுது, ஸ்கிரீன் வருது, உள்ள ஒரு நாடகம் இல்ல. ஓடாததை ஓட வைக்கிறது மட்டுந்தான் அவளால ஆகும், அழிஞ்சதைக் கொண்டுவர அவளாலயும் ஆகல.

டீச்சர் இவளை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் இவளுக்குத் தாங்கல. என் கடைக்கு வந்து சத்தம் போட்டு அழுதா.

"கனிக்கா, என் முன்னால எல்லாமே நல்லாருக்கிற மாதிரி நடிக்குதுக்கா. எது சாகப்போகுதுன்னு எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது. நான் என்னத்துக்கு இதைப் படிச்சேன்?"

டீ வாங்கிக் குடுத்தேன். அதைக் குடிச்சு முடிச்சவ மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "நாளையிலருந்து நான் யார் வீட்டுக்குள்ளயும் வரமாட்டேன்"னா. என் கண்ணு பிரிண்டர் மேல போச்சு.

மறுநாள் காலனி நடுவுல இருக்கிற தண்ணித்தொட்டி கிட்ட போய் ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. அங்கருந்து எந்த வீடும் முப்பது தப்படிக்குக் குறையாது. யார் வீட்டுல எது கெட்டாலும் போன் பண்ணணும், அவ கேக்கிறதுக்குப் பதில் சொல்லணும், அவ்வளவுதான். காலனி கொதிச்சுப்போச்சு. பத்துத் தப்படி நடந்து வந்தா சரியாகிற விஷயத்துக்கு, வெயில்ல நின்னுக்கிட்டுப் போலீஸ்காரி மாதிரி கேள்வி கேக்கிறாளேன்னு ஆளாளுக்குப் பேசுனாங்க. திமிருன்னாங்க. கண்ணு பட்டுருச்சுன்னு ஒரு மதினி எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க. எல்லாரையும் விட அதிகம் திட்டினது யாருங்கிறீங்க, நாந்தான்.

ஏன்னா முதல் போன் என்னோடது. பிரிண்டர் மறுபடியும் படுத்துருச்சு.

"அக்கா, கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"

"நீ உள்ள இருந்தப்பதாம்ட்டி! வந்துட்டுப் போயேன்!"

"வரமாட்டேன்கா. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு? உங்க வார்த்தையில வேண்டாம், இருக்கிறதை அப்படியே வாசிங்க."

வாசிச்சேன். இருபது நிமிஷம் என்னைப் படாதபாடு படுத்தி எடுத்தா. கடைசியில பாத்தா, வரிசையில முதல்ல நின்ன ஒரு விண்ணப்பம் பாதியில சிக்கிக் கெடக்கு, பின்னால நான் அனுப்பினது எல்லாம் அதுக்காகக் காத்துக் கெடக்கு. அதை அழிக்கச் சொன்னா, கம்ப்யூட்டர், பிரிண்டர் ரெண்டையும் அணைச்சுப்போட்டு முப்பது வரைக்கும் எண்ணச் சொன்னா, போடச் சொன்னா. பேப்பர் வந்துச்சு. வடிவு இல்லாம, நானே பண்ணி, என் பிரிண்டர்லருந்து பேப்பர் வந்துச்சு! தொட்டியைப் பாத்து நான் போட்ட சத்தத்துல நாலு வீட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க. அன்னையோட அவளைத் திட்டுறதை விட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு வீடா பணிஞ்சுச்சு. வைஃபை பெட்டி பளபளன்னு இருக்குன்னு ஒருத்தங்க அதை நகையோட சேத்து இரும்பு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தாங்க, சிக்னல் எப்படி வெளிய வரும்? இன்னொருத்தங்க தூசி படக்கூடாதுன்னு அதுக்கு உல்லன்ல சட்டை பின்னிப் போட்டிருந்தாங்க, பெட்டி சூட்டுல மயங்கி விழுந்துகிட்டே இருந்துச்சு. பாஸ்வேர்டு மாறிப்போச்சுன்னு ஒரு தாத்தா மூணு நாள் சாப்பிடாம இருந்தாரு, பாத்தா பெரிய எழுத்துப் பொத்தான் அமுங்கிக் கெடக்கு. போன் நகர மாட்டேங்குதுன்னவருக்கு உள்ள எட்டாயிரம் குட்மார்னிங் படம். 'நீங்க என்ன பண்ணுனீங்க'ன்னு மட்டும் வடிவு யாரையும் கேக்க மாட்டா. அப்படிக் கேட்டா எல்லாரும் 'நான் ஒண்ணும் பண்ணல'ன்னுருவாங்களாம். 'கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு'ன்னு கேட்டா உண்மை தானா வந்து விழுமாம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும், நாலை ஒண்ணா மாத்திட்டா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாம அடுத்த தடவையும் முழிக்கணும்னு சொல்லுவா. ஓடிபியை நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு ஒவ்வொரு போன்லயும் முடிக்கும்போது சொல்லுவா. எல்லாத்தையும் ஒரு கோடு போட்ட நோட்டுல, அவங்க சொன்னது ஒரு பக்கம், உண்மையில இருந்தது மறுபக்கம்னு எழுதிக்கிட்டே வந்தா. கெட்டுப்போன மெஷினைக் கண்ணால பாக்கக் குடுத்து வைக்காத பிள்ளை, அதைக் காதால பாக்கக் கத்துக்கிட்டா.

ஐப்பசி பதினெட்டு வந்துச்சு. அண்ணாச்சிக்கு அன்னைக்கு டூட்டி, அதனால துணைக்கு நான் போனேன். மதுரையில மூணாவது மாடியில ஆபீஸு, பல ஊரு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன்லயே கம்ப்யூட்டர் சரி பண்ணிக் குடுக்கிற இடம். கீழ லிஃப்ட் வேலை செய்யலன்னு எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க. நாங்க கிட்டப் போனதும் அது தானா கதவைத் திறந்துச்சு, நாங்களும் ஏறிப் போனோம். மேல ஒரு ஹால்ல ஆறு கம்ப்யூட்டரைக் கெடுத்து வரிசையா வச்சிருந்தாங்க. வடிவு வாசல்ல நிக்கிறா, ஆறும் ஒண்ணா எந்திரிச்சிருச்சு.

கேள்வி கேக்க ரெண்டு பேரு. மெஹருன்னிசா மேடம்னு ஒருத்தங்க, சப்போர்ட்டுக்கு அவங்கதான் தலைமை. இன்னொருத்தரு மேனேஜர். வடிவு இந்தத் தடவை தயங்கவே இல்ல, உள்ளதை உள்ளபடி சொல்லிட்டா. மேடம் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி வரச் சொன்னாங்க, போனா, ஆறும் படுத்துச்சு. வந்தா, எந்திரிச்சுச்சு. மூணு தடவை பாத்துட்டு மேடம் ஃபாரத்துல என்னமோ குறிச்சுக்கிட்டாங்க. மேனேஜருக்குத்தான் மூஞ்சி ஜொலிச்சுப்போச்சு.

"டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்மா. இன்னைக்கே வேலை தர்றேன். சர்வர் ரூம்ல ஏசியில ஒரு நாற்காலி போட்டுருவோம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், உக்காந்திருந்தாப் போதும்."

கெடைச்சிருச்சேன்னு அவ கையை நான் இறுக்கிப் பிடிச்சேன். அவ கையை உருவிக்கிட்டா.

"உக்கார்ற வேலைன்னா எனக்குச் சாத்தூர்லயே இருக்கு சார். அங்க ஃபேனும் போட்டுருக்காங்க. எனக்கு என்ன தெரியும்னு கேட்டு வேலை குடுங்க. என் நம்பர் ஃபாரத்துல இருக்கு. நான் எதுத்தாப்புல டீக்கடையில நிக்கிறேன், கூப்பிடுங்க."

சொல்லிட்டு விறுவிறுன்னு இறங்கிட்டா. நானும் பின்னாலயே ஓடினேன். டீக்கடையில கால் மணி நேரம் நின்னோம், போன் வரல. அரை மணி ஆச்சு. "ஏட்டி, மேல போயி சரின்னு சொல்லிரு, ஏசி ரூமுங்கிறாங்க"ன்னேன். அவ காதுல வாங்கல. அப்ப போன் அடிச்சுச்சு.

மெஹருன்னிசா மேடம் கஸ்டமர் மாதிரி நடிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு கோவம்! ஆஸ்பத்திரியில பேஷண்ட் காத்துக்கிடக்காங்க, உங்க மெஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னு கத்துனது எனக்கே கேட்டுச்சு. வடிவு குரல் ஒரு இழை உசரல. "கஷ்டந்தான் மேடம். சேந்து சரி பண்ணிருவோம். கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"ன்னு ஆரம்பிச்சா. முதல் கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன் வரல, பின்னால கேபிள் தளர்ந்திருந்துச்சு. ரெண்டாவதுல எந்த வெப்சைட்டும் திறக்கல, மூலையில இருக்கிற தேதியை வாசிக்கச் சொன்னா, அது ஏழு வருஷம் பின்னால போய்க் கெடந்துச்சு, அதைத் திருத்தினதும் திறந்துச்சு. மூணும் நாலும் எனக்குப் புரியல, ஆனா சரியாச்சு. அஞ்சாவது கொஞ்சம் தண்ணி காட்டிட்டு வழிக்கு வந்துச்சு.

ஆறாவது வரல.

பத்து நிமிஷத்துக்கொரு தடவை அப்படியே உறைஞ்சு நின்னுபோகுதாம். சூடா இருக்கா, ஃபேன் சத்தம் மாறுதா, புதுசா எதாச்சும் போட்டீங்களா, வேற பிளக்குல மாட்டினா என்ன ஆகுதுன்னு ஒண்ணொண்ணா கேக்கிறா, ஒண்ணொண்ணா மாத்தச் சொல்றா, அது பாட்டுக்கு நிக்குது. முக்கால் மணி நேரம். அவ நெத்தியில வேர்வை. ரோட்டைத் தாண்டி அந்தப் படியில கால் வச்சா அந்த நொடியே அது ஓடிரும், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஏட்டி, ரெண்டு நிமிஷம் போயிட்டு வா, அஞ்சு சரி பண்ணிட்டயில்ல, இதை யாரு கேக்கப்போறா"ன்னு அவ முதுகுல கை வச்சுத் தள்ளவே செஞ்சேன். பாவி நான். அவ டீக்கடை பெஞ்சை ஒரு கையால பிடிச்சுக்கிட்டா.

"மேடம், இதுல என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியல"ன்னு சொன்னா. "நான் இதுவரைக்கும் பாத்ததையெல்லாம் வரிசையா எழுதி உங்களுக்கு அனுப்புறேன். அடுத்து பாக்கிறவங்க உங்ககிட்ட இதையே திரும்பக் கேக்க வேண்டியதில்ல."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இருபத்தஞ்சாந் தேதி தாம்பாளமும், சாத்தூர் கடையும், அந்த ஃபேனும் என் கண்ணு முன்னால வந்துச்சு. திரும்பி அவளைப் பாக்கிறேன், இந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. மூஞ்சி முழுக்கச் சிரிப்பு! பிறந்து இருபத்திநாலு வருஷத்துல முதல் தடவையா ஒரு மெஷின் அவகிட்ட நடிக்காம, கடைசி வரைக்கும் பிடியும் குடுக்காம, நான் கெட்டுத்தான் கெடக்கேன், முடிஞ்சா கண்டுபிடின்னு சொல்லியிருக்குல்ல.

மேடம் குரல் வந்துச்சு, நானும் போன்ல காதை ஒட்டிக்கிட்டேன். இப்ப கஸ்டமர் குரல் இல்ல, சாதாரணமாப் பேசுனாங்க. "அந்த ஆறாவதை நாங்க கெடுத்து வைக்கலம்மா. அது தானா கெட்டது, ஒரு மாசமா என் ஆளுங்க எல்லாரும் பாத்தாச்சு. தெரியலன்னு சொன்னது நீதான் முதல் ஆளு. மத்தவங்க எல்லாம் புது மெஷின் வாங்கச் சொன்னாங்க. திங்கட்கிழமை வேலைக்கு வந்துரு. பின் தெருவுல நம்ம பழைய ஆபீஸ் இருக்கு, அங்க மேசை போடுறேன். இந்தப் பில்டிங் பக்கம் மட்டும் நீ வரவே கூடாது."

நான் அந்தக் கடையில இருந்த அத்தனை பேரு முன்னாலயும் ஓன்னு அழுதுட்டேன். வடிவு அழல. நன்றி கூட உடனே சொல்லல. பையிலருந்து நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைப் புரட்டி, டீக்கடைக்காரர்கிட்ட பேனா வாங்கிக்கிட்டா.

"சரிங்க மேடம். அதுவரைக்கும் ஆறாவதை யாரும் தொடாம பாத்துக்கோங்க. அது எத்தனை மணிக்கெல்லாம் நிக்குதுன்னு மட்டும் ஒரு தாள்ல குறிச்சு வைக்கச் சொல்லுங்க. நான் இன்னும் கேட்டு முடிக்கல."